பாடகியைப் பார்க்காத கேமரா

"இன்னும் இடது பக்கம் போ. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான், நில்லு."

நில் என்ற சொல் காதில் விழுவதற்குள் விசில் விழுந்துவிட்டான். பதினாறாவது வரிசை நாற்காலியின் கைப்பிடி முழங்காலைப் பதம் பார்த்திருந்தது. உடம்பு மொத்தமும் தரையில் கிடக்க, வலது கை மட்டும் செல்போனை உயரத் தூக்கிப் பிடித்திருந்தது. பதினாலு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் விசில் ஊதி டிக்கெட் கிழித்தவன், பெயரும் அங்கே வந்ததுதான். விழுந்தாலும் கையில் இருப்பதை விடமாட்டான்.

"போனுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று மேடையிலிருந்து குரல் வந்தது.

"போன் நல்லா இருக்கு சார். என்னைத்தான் ரிப்பேருக்குக் கொடுக்கணும்."

மேடையில் நின்ற துப்பறிவாளரை, விசிலின் முதலாளியை, எல்லோரும் மீசை என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்தில் மீசை கிடையாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் வழித்தவர், அப்புறம் வளர்க்கவே இல்லை. பெயர் மட்டும் முகத்தை விட்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. ஏன் எடுத்தீர்கள் என்று விசில் ஒருமுறை கேட்டதற்கு, அரித்தது என்றார். அதோடு சரி.

மேடை நடுவில் ஒரு வாளி இருந்தது. அதில் தரை துடைக்கும் குச்சியை நட்டு வைத்திருந்தார் மீசை. அதுதான் இப்போதைக்குப் பாடகி. வலது ஓரத்தில் இருந்த பியானோ மட்டும் அசல்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து. ஐந்து மணிக்கு வாசல் திறந்துவிடுவார்கள். அதற்குள் மேனேஜரின் மேஜை இழுப்பறையில் இருக்கிற ஒரு கடிதத்தைக் கிழிக்க வைக்க வேண்டும். கையெழுத்து மட்டும் பாக்கி இருந்த அந்தக் கடிதம், பத்தொன்பது வருஷமாக அரங்கத்தின் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்மணியை நாளை முதல் வரவேண்டாம் என்று சொன்னது. எல்லோருக்கும் அவள் வாசல் அக்கா. வேலை போனால் படுக்கை மட்டும் எங்கே இருக்கும்? அரங்கத்துப் பின்கட்டில் ஒரு சிற்றறைதான் அவள் வீடு. கட்டில், ஸ்டவ், ஒரு காலண்டர், அவ்வளவுதான். அதற்கும் அதே கடிதம் பூட்டுப் போட்டுவிடும்.

அவள் செய்த குற்றம் இது. ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் பாட ஒப்புக்கொண்ட பாடகி, ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அரங்கத்துக்குள் ஒரு போன் கூடத் தலை தூக்கக் கூடாது. பத்து வருஷமாக ஜனங்களின் முகத்தையே பார்க்கவில்லை, எண்ணூறு போன்களின் முதுகைப் பார்த்துத்தான் பாடிக்கொண்டிருக்கிறேன் என்று அவர் மேனேஜரிடம் சொன்னாராம். சொல்லும்போது கோபமாக இல்லையாம், களைப்பாக இருந்தாராம். அதனால் வாசலிலேயே ஆளுக்கொரு நீலநிறத் துணிப்பை. போனை அதில் போட்டு வாசல் அக்கா ஒரு பூட்டை அழுத்துவாள். போகும்போது அவள்தான் திறந்துவிட வேண்டும்.

முதல் ஞாயிறு ஒழுங்காகப் போனது. அடுத்த மூன்று ஞாயிறும், மறுநாள் காலையில் இணையத்தில் ஒரு வீடியோ வந்து நின்றது. பெயரில்லாத கணக்கு. அதே அரங்கம், அதே பாடகி. பை அக்காவின் பொறுப்பு, ஆகவே தப்பும் அக்காவுடையது என்று மேனேஜர் ஒரே வரியில் கணக்கை முடித்துவிட்டார்.

இதில் மீசைக்கும் மானப் பிரச்சினை இருந்தது. முதல் வாரத்திலிருந்தே காவலுக்கு நிற்பவர் அவர்தான். மேடையின் வலது ஓரத் திரைச்சீலையை ஒட்டி, கருப்புச் சட்டையில், ஜனங்களைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம். இருட்டில் எங்கே ஒரு போன் வெளிச்சம் எழுந்தாலும் பிடிக்க வேண்டியது அவர் வேலை. அவர் கண்ணெதிரேயே மூன்று முறை எழுந்திருக்கிறது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது விசிலுக்குத் திட்டு வாங்குவதை விடக் கஷ்டமாக இருந்தது.

விசில் எழுந்து, பதினேழாவது வரிசைக்குள் நுழைந்து, இடது சுவரை ஒட்டிய கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான். போனில் வீடியோவை நிறுத்தி, கண்ணெதிரே இருந்த காட்சியோடு ஒப்பிட்டான். தூணின் விளிம்பு சரி. பால்கனியின் அடிப்பக்கம் சரி. தலைக்கு மேலே 'வெளியே' என்று எழுதிய சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வீடியோவின் ஓரத்தில் வழிந்த சிவப்பு அதுதான்.

"சார், ஸ்டாப்பிங் வந்தாச்சு. இந்த சீட்டுதான்."

மீசை இறங்கி வந்தார். சிவப்பு விளக்கை நிமிர்ந்து பார்த்தார். இந்த விளக்கின் கீழே போன் வெளிச்சம் எழுந்தால் மேடையிலிருந்து தனியாகத் தெரியாது. கண் அதை விளக்கென்றே நினைத்துத் தாண்டிப் போயிருக்கும்.

"இதை எவன் காசு கொடுத்து வாங்குவான்?" என்றான் விசில். பாதி மேடையைத் தூண் மறைத்தது. பஸ்ஸில் டயர் மேல் இருக்கிற சீட்டு மாதிரி. மற்ற இடமெல்லாம் நிரம்பினால்தான் ஆள் உட்காருவான். எந்தச் சீட்டு எப்போது விற்றது என்ற பட்டியலை டிக்கெட் கவுண்டரில் அவன் முன்பே வாங்கி வைத்திருந்தான். மூன்று வாரமும் அந்தச் சீட்டை யாரோ முதல் ஆளாக வந்து கேட்டு வாங்கியிருந்தார்கள். நல்ல சீட்டுகள் எல்லாம் காலியாக இருக்கும்போது.

"இடது பக்கம் சுவர்," என்றார் மீசை.

"அது தெரியுது சார். அதனால என்ன?"

மீசை சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். விசில் மறுபடி போனைத் தூக்கிப் பிடித்தான். அப்போதுதான் அந்தக் கோளாறு கண்ணில் பட்டது. வாளிக்காரி, அதாவது பாடகி, படத்தின் இடது விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தார். வீடியோவை ஓட்டினான். ஒரு கட்டத்தில் பாடகி இரண்டு அடி நகர்ந்து படத்தை விட்டே போய்விடுகிறார். முழுசாக நாற்பது விநாடி வெறும் குரல். கேமரா அவர் பின்னால் போகவே இல்லை. வீடியோவின் கீழே ஆயிரக்கணக்கானவர்கள் இதற்காகத்தான் திட்டியிருந்தார்கள். பிடிக்கத் தெரியாதவன் கையில் போன் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார்.

"சார், இந்த ஆளுக்குப் பிடிக்கத் தெரியாம இல்ல. கை ஒரு இஞ்சு ஆடலையே. கல்யாண வீட்டுல மாப்பிள்ளையை விட்டுட்டு வேற யாரையோ எடுத்த மாதிரி இருக்கு. பாடகியை எடுக்க வந்த ஆளே இல்ல இது."

"நடுவுல யாரு?"

விசில் திரையின் நடுவில் விரலை வைத்தான். பியானோவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து, வாசிப்பவருக்கு இசைத்தாளைத் திருப்பித் தருகிற ஓர் ஆள்.

தாள் திருப்புகிறவர் மேடைக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தார். அங்கே போகிற நடை குறுகலானது. வலது சுவர் நெடுகத் தண்ணீர்க் குழாய்கள் ஓடின. இருந்தும் மீசை வழக்கம்போல விசிலைச் சுற்றிக்கொண்டு அவன் வலது பக்கம் வந்துதான் நடந்தார். இரண்டு முறை குழாயில் தோளை இடித்துக்கொண்டார். மூன்று வருஷமாக விசில் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். யாரோடு நடந்தாலும், யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும், வலது பக்கம்தான்.

"இடது பக்கம் என்ன வாடகைக்கு விட்டிருக்கா சார்?"

"பழக்கம்," என்றார் மீசை, தோளைத் தடவிக்கொண்டே.

அதற்குள் விசிலின் போன் அடித்தது. மனைவி. சாப்பிட்டாயா, சின்னவளுக்குச் செருப்பு அறுந்துவிட்டது, வரும்போது வாங்கி வா. பகலில் இது நாலாவது அழைப்பு. மீசையின் போன் வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தான் அடிக்கும். அவர் வீட்டில் ஒரு நாற்காலி, ஒரு டம்ளர், பழைய தரைவழி போன் ஒன்று. அந்த எண்ணில் யாரும் கூப்பிட்டு விசில் பார்த்ததில்லை. ஆனால் தினமும் காலையில் ரிசீவரைத் தூக்கி, லைன் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டு வைப்பார்.

தாள் திருப்புகிறவருக்கு அறுபது வயதிருக்கும். கருப்புக் கோட்டைத் துலக்கிக்கொண்டிருந்தார். தன்னை யாரும் கவனிக்காமல் இருந்தால்தான் தன் வேலை ஒழுங்காக நடந்ததாக அர்த்தம் என்றார். சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கச் சொல்லி அரங்கம் அவருக்கு வாராவாரம் இரண்டு இலவச டிக்கெட் தருகிறது. அவை கண்ணாடி முன்னால் உறைக்குள்ளேயே இருந்தன. மொத்தம் பத்து. கொடுக்க ஆள் இல்லை என்பதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

விசில் விஷயத்தைச் சொன்னான். யாரோ ஒருவர் பாடகியை விட்டுவிட்டு மூன்று வாரமாக உங்களைப் படம் எடுத்திருக்கிறார் என்றான்.

அவர் கை நின்றது. கண்ணாடியைப் பார்த்துத் தலையை ஒருமுறை படிய வைத்துக்கொண்டார்.

"என்னையா?"

"நடு சென்டர்ல நீங்கதான் சார். ஹீரோ மாதிரி."

"கொஞ்சம் காட்டுங்களேன்."

முதல் வீடியோவை அவர் பாட்டுக்காகப் பார்க்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. தன் கை எப்படித் தாளைத் தூக்குகிறது என்று பார்த்தார். யாராக இருக்கும் என்று யோசித்து, ஒரு தம்பி மகன் இருக்கிறான், ஆனால் அவன் வெளியூர் என்றார். இரண்டாவது வீடியோ வந்தது. பாதியில் அவர் முகம் மெல்ல அணைந்தது. இதை மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மறைக்கவில்லை.

"இது மூணாவது ஞாயித்துக்கிழமை. எனக்கு அன்னைக்குக் காய்ச்சல், நான் வரவே இல்லை. பியானோக்காரரே திருப்பிக்கிட்டார். நல்லாப் பாருங்க, என் நாற்காலி காலி. ஆனா கேமரா அதே இடத்தைத்தான் பார்க்குது." போனைத் திருப்பித் தந்தார். "அது நான் இல்லை தம்பி."

விசில் போனை வாங்கி மீசையின் பக்கம் நீட்டினான்.

"நாற்காலிக்குப் பின்னால கருப்பா ஒண்ணு தெரியுதே, அது என்ன?" என்று கேட்டார் மீசை.

"அது திரைச்சீலை. அங்க..." தாள் திருப்புகிறவர் மீசையை நிமிர்ந்து பார்த்தார். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மேடைக்குத் திரும்பி வந்ததும் மீசை, நீ போய் அந்தச் சீட்டில் உட்கார் என்றார். அவர் எங்கே போகிறார் என்று விசில் கவனிக்கவில்லை. ஓடிப்போய்ச் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து, போனை வீடியோவில் இருந்த அதே கோணத்தில் பிடித்தான். தூண், பால்கனி, விளிம்பில் வாளி எல்லாம் பொருந்தின.

படத்தின் நட்டநடுவில், வலது ஓரத் திரைச்சீலையை ஒட்டி, கருப்புச் சட்டையில் மீசை நின்றுகொண்டிருந்தார்.

வாராவாரம் நிற்கிற அதே இடத்தில், அதே மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எண்ணூறு பேரையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பில், அந்த எண்ணூறு பேருக்கும் தானும் தெரிகிறோம் என்பதை ஒரு காவல்காரன் மறந்திருந்தான். விசில் போனை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தான். அவ்வளவு பெரிய மேடையில், ஒரு வாளிக்குத் துணையாக நின்ற அந்த மனிதரைப் பார்க்க என்னவோ போல் இருந்தது.

"சார்," என்றான். காலி அரங்கத்தில் குரல் பெரிதாகக் கேட்டது. "உங்களைத்தான் எடுத்திருக்காங்க."

மீசை தலையை மட்டும் ஆட்டினார்.

வெளியே வந்தபோது நாலு இருபது. விசில் வரிசையாகச் சந்தேகங்களை அடுக்கினான். மீசையால் உள்ளே போனவன் எவனாவது வெளியே வந்துவிட்டானா, யாராவது அடியாளை வைத்து நோட்டம் பார்க்கிறார்களா. மீசை எதையும் காதில் வாங்கவில்லை. நேராக வாசல் அக்காவிடம் போனார்.

அவள் மேஜையில் நீலப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நாளைக்கு வேலை இல்லாதவள் அடுக்குகிற மாதிரி இல்லை. ஒவ்வொரு பூட்டையும் அழுத்தித் திறந்து சரிபார்த்தாள்.

"அக்கா," என்றார் மீசை. "பூட்டு ஒண்ணும் உடையல. யாரோ ஒருத்தருக்கு மட்டும் நீங்க பை போடல. அவங்களை மாட்டிவிடக் கூடாதுன்னு வேலையையே விடப் போறீங்க. யாருன்னு சொல்லுங்க."

அக்கா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். முதல் வாரம் ஒரு பெண் வந்தாள். காது கேட்பதற்கு மெஷின் போட்டிருந்தாள். போனை மடியில் திறந்து வைத்தால்தான் மேடைச் சத்தத்தை அது பிடித்துக் காதுக்கு அனுப்புமாம். டாக்டர் சீட்டைக் காட்டினாள். மேனேஜரிடம் கேட்டால் விதி என்பார், பாட்டுக் கேட்க வந்தவளைச் செவிடாக உட்கார வைப்பதா என்று அக்காவே விட்டுவிட்டாள்.

"ரெண்டு காதுலயும் மெஷின் சார். பார்க்கவே பாவமா இருந்துச்சு."

"ரெண்டு காதுலயுமா?" என்று கேட்டார் மீசை.

"ஆமா சார்."

"நல்லாப் பார்த்தீங்களா? ரெண்டுலயுமா?"

விசில் அவரைத் திரும்பிப் பார்த்தான். ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்கிற ஆள் இல்லை அவர்.

அக்கா தொடர்ந்தாள். அந்த முதல் வாரம் நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் போன பிறகும் அந்தப் பெண் போகாமல் நின்றாள். திரைச்சீலை பக்கத்தில் நிற்கிறாரே, அவர் யார், அடுத்த வாரமும் வருவாரா என்று கேட்டாள். வருவார் என்றாள் அக்கா. அவர் யாரைப் பார்க்கிறார் என்று கேட்டாள்.

"நான் சும்மா தமாஷா சொன்னேன் சார். அவர் மனுஷங்க முகத்தை எல்லாம் பார்க்க மாட்டார் கண்ணு, போன் வெளிச்சம் வந்தா மட்டும்தான் திரும்பிப் பார்ப்பார்னு. அந்தப் பொண்ணு சிரிக்கல. அப்படியான்னு கேட்டுட்டுப் போயிடுச்சு."

அடுத்த வாரம்தான் முதல் வீடியோ வந்தது.

விசில் பஸ்ஸில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறான். இறங்க வேண்டிய இடம் வந்தும் இறங்காமல் கடைசி ஸ்டாப் வரை போகிறவர்கள் உண்டு. கண்டக்டர் வந்து எழுப்ப வேண்டும் என்று காத்திருப்பவர்கள். மூன்று வாரம் அந்தச் சிவப்பு விளக்கின் கீழே ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். திரும்பிப் பார்க்க வேண்டியவர் திரும்பவில்லை. பிறகு ஒவ்வொரு வாரமும் அதை ஊருக்கே தெரிகிற மாதிரி போட்டிருக்கிறாள். அப்படியாவது தேடுவார் என்று. அதுவரை அவனுக்குப் புரிந்தது. ஏன் என்பதுதான் புரியவில்லை.

நாலு நாற்பது. டிக்கெட் வைத்திருப்பவர்கள் வெளிப் படிக்கட்டில் வரிசை கட்டத் தொடங்கியிருந்தார்கள். மீசை அந்த வரிசையைத் தலை முதல் வால் வரை ஒருமுறை பார்த்தார். போன்களை இல்லை, முகங்களை. பிறகு மேல் படியில் உட்கார்ந்தார். விசில் பக்கத்தில் உட்கார்ந்ததும், எழுந்து சுற்றி வந்து அவன் வலது பக்கம் உட்கார்ந்தார்.

"இன்னைக்குத் திரைச்சீலை பக்கத்துல நீ நில்லு. எனக்குப் பதினேழாவது வரிசையில ஒரு டிக்கெட் வாங்கு."

"அந்தச் சுவரோர சீட்டு இந்நேரம் போயிருக்கும் சார்."

"அது வேண்டாம். அதுக்கு வலது பக்கத்து சீட்டு. இப்ப படிவத்தை எடு. மேனேஜருக்கு அறிக்கை."

விசில் மடியில் அரங்கத்தின் அச்சிட்ட படிவத்தை விரித்தான். மீசை சொல்லச் சொல்ல எழுதினான். வாசல் ஊழியர் செய்தது சரி. காது கேளாதவருக்கு விலக்கு தர வேண்டியது அரங்கத்தின் கடமை. அதை எழுத்தில் தராதது நிர்வாகத்தின் தவறு. மூன்று வீடியோக்களும் இன்றே நீக்கப்படும், அதற்கு நான் பொறுப்பு. பாடகியிடம் நேரில் மன்னிப்புக் கேட்கப்படும். ஊழியருக்கு எழுதிய கடிதம் கிழிக்கப்பட வேண்டும்.

"அடுத்து, படம் எடுத்தவர் விவரம். பெண். வயசு முப்பத்திரண்டு."

எழுதினான்.

"இடது காது நாலு வயசுல போச்சு. மூளைக்காய்ச்சல். எங்க போனாலும் இடது பக்கம் சுவர் இருக்கிற இடமாப் பார்த்துத்தான் உட்காரும். கூட நடக்கிறவங்க வலது பக்கம் வந்தாத்தான் பேச்சு கேட்கும்."

விசிலின் பேனா நின்றது. வயதை அக்கா சொல்லவில்லை. காய்ச்சலையும் சொல்லவில்லை. அவன் மெதுவாகத் தன் வலது தோளைப் பார்த்தான். அதை ஒட்டி, குழாயில் இடித்து இடித்துக் கன்றிப்போன இன்னொரு தோள் இருந்தது.

"வலது காது?" என்று கேட்டான். கிண்டலுக்குப் பழகிய குரல் அவனுக்கே வேறு மாதிரி கேட்டது.

"பதினோரு வருஷத்துக்கு முன்னால கடைசியாப் பார்த்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. அதுவும் போனது இப்பத்தான் தெரியும்."

வாசலில் அக்கா முதல் பூட்டை அழுத்துகிற சத்தம் கேட்டது. வரிசை ஓர் அடி நகர்ந்தது. படிவத்தில் இன்னும் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"சார், கீழ இவங்களைப் பத்தித் தகவல் சொன்னவர் அவங்களுக்கு என்ன உறவுன்னு கேட்டிருக்கான். என்ன எழுத?"

மீசை எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். வரிசையின் கடைசியில், நடைபாதைச் சுவரை இடது பக்கம் ஒட்டியபடி நின்றிருந்த ஒரு பெண்ணை நோக்கி நடக்க ஆரம்பித்தார். இரண்டு படி இறங்கிய பிறகு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அப்பான்னு எழுது."